ஐந்தரைக் கட்டை

சங்கீதப் பரீட்சைக்கு நான் படித்த புத்தகத்தில் தாரஸ்தாயிக்கு ஒரு வரியில் விளக்கம் இருந்தது. மந்தரஸ்தாயி நெஞ்சில் பிறக்கும், மத்தியஸ்தாயி கண்டத்தில் பிறக்கும், தாரஸ்தாயி தலையில் பிறக்கும். அதை அப்படியே எழுதி முழுப் புள்ளியும் வாங்கினேன். தலையில் பிறந்த அது தலையைவிட்டு இறங்காமல் அங்கேயே குடியிருந்துவிடவும் கூடும் என்று புத்தகம் சொல்லவில்லை. அந்தப் பாடத்தை நான் ஐம்பத்து மூன்று வயதில், சுவிஸின் பேர்ண் நகரத்தில், ஒரு மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் இருந்து படித்தேன்.

தாரஸ்தாயி என்பது புத்தகச் சொல். என் ஆசிரியை மேல்ஸ்தாயி என்றுதான் சொல்லுவார். பத்திரிகைகளுக்கு உச்சஸ்தாயி. ஆனால் பாட்டைப் பற்றி எழுதும்போது அவர்கள் அதைப் பயன்படுத்துவது குறைவு. யாராவது கூட்டத்தில் மேசையில் அடித்துக் கத்தினால்தான் அந்தச் சொல் அவர்களுக்கு ஞாபகம் வரும். என் கணவர் இரவீந்திரனும் பத்திரிகைக் கட்சி. நான் வீட்டில் எதற்காவது வாய் திறந்திருக்கும் நேரம் அவருக்குத் தொலைபேசி வந்தால், "பிறகு எடுக்கிறன் மச்சான், இவ இப்ப உச்சஸ்தாயியிலை நிக்கிறா" என்று சொல்லி வைத்துவிடுவார். அவர் பாட்டே கேட்காத மனிதர். அந்த ஒரு கலைச்சொல்லை மட்டும் எங்கிருந்தோ பொறுக்கி வைத்திருக்கிறார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. என் குரல் மேலே ஏறுவதற்குச் சங்கீதம் தேவையில்லை. ஊருக்குப் பேசினால் ஏறும். அந்தக் காலத்தில் இணைப்புச் சரியில்லை, கத்தினால்தான் கேட்கும். இப்போது அக்காவின் மூக்குத்தி மினுங்குவதுகூடத் திரையில் தெரிகிறது, ஆனாலும் நான் கடலைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதுபோலத்தான் கதைக்கிறேன். ஜெர்மன் பேசினால் இன்னும் ஏறும். தமிழில் நான் ஐம்பத்து மூன்று வயதுப் பெண். நகரசபை அலுவலகத்தில் ஒருவர் தொலைபேசியை எடுத்து வணக்கம் சொன்ன உடனே எனக்குப் பதினைந்து வயதாகிவிடும். மெல்லியதாய், இனிப்பாய், மூச்சு நுனியில் நிற்கும் ஒரு குரல் என்னிடமிருந்து வரும். நான் ஒரு பிழையும் செய்யவில்லை, தயவுசெய்து கோபிக்காதீர்கள் என்று எந்தச் சொல்லுக்கும் அடியில் சொல்லிக்கொண்டிருக்கும் குரல். அவர்கள் ஒரு நாளும் கோபித்ததில்லை. ஆனாலும் அந்தக் குரல் இருபத்தாறு வருடமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஆசுப்பத்திரிச் சமையலறையில் நான் தட்டுகள் அடுக்கும் பகுதிக்கு வார்டிலிருந்து அழைப்பவர்கள், என்னை நேரில் கண்டால் ஒரு கணம் தடுமாறுவார்கள். அவர்கள் எதிர்பார்த்தது ஒரு சின்னப் பெண். வந்து நிற்பது நான், அகலமாக.

இத்தனை உயரங்களுக்குள் நான் பெருமைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். ஐந்தரைக் கட்டைச் சுருதியில் மேல் காந்தாரம்.

தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். பாடுகிறவர் தன் ஆதார ஸட்ஜத்தை எந்த உயரத்தில் வைத்துக்கொள்கிறார் என்பதை நாங்கள் கட்டைக் கணக்கில் சொல்லுவோம். ஆண்கள் ஒன்று, ஒன்றரை என்று கீழே நிற்பார்கள். பெண்கள் நாலு, ஐந்து. ஐந்தரை என்றால் குரலோடு கொஞ்சம் திமிரும் வேண்டும். அதில் ஸட்ஜத்தை வைத்துக்கொண்டு, அதன் மேல் ஸட்ஜத்தையும் தாண்டி, மோகன ராகத்தின் காந்தாரச் சுரத்தில் போய் அசையாமல் நிற்பது என்பது, நான் பரீட்சை எழுதிய காலத்தில், மேற்பார்வைக்கு வந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்ட விஷயம். அந்தப் பேனாவை நான் மறக்கவே இல்லை. இங்கே வந்து கோப்பை கழுவினேன், தரை துடைத்தேன், தட்டு அடுக்கினேன். எல்லாம் கீழே நடந்தவை. மேலே எனக்கென்று ஒரு இடம் இருந்தது. அங்கே வேறு யாரும் வர முடியாது. வெள்ளிக்கிழமைகளில் போய் நின்றுவிட்டு வருவேன்.

வெள்ளிக்கிழமை என்றால் கோயில். பல மதத்தவரும் ஒரே கூரையின் கீழ் தங்கள் தங்கள் இடத்தை வைத்திருக்கும் பெரிய கட்டடம் ஒன்றில் எங்கள் கோயிலும் இருக்கிறது. மாலைப் பூசைக்குப் பிறகு நாங்கள் ஆறு பெண்கள் இருந்து பாடுவோம். நான் எடுத்துக்கொடுப்பேன், மற்றவர்கள் சேருவார்கள். கடைசியில் அம்மன்மேல் ஒரு விருத்தம். அது மோகனத்தில் ஏறி ஏறிப் போகும். உச்சிக்கு வரும்போது மற்ற ஐந்து பேரும் வாயை மூடிக்கொள்ளுவார்கள். நான் தனியாக நிற்பேன். அது மரியாதை என்று நினைத்திருந்தேன்.

என்னைவிட இரண்டு வயது மூத்த தவமலர் அக்கா ஒரு முறை சொன்னார்: "நீர் மேலை போகேக்கை நாங்கள் கீழை நிண்டு கும்பிடுறம், கௌரி." அதையும் மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன்.

சுருதிக்கு எங்களிடம் கிருசிகாவின் தொலைபேசி. அவள் இங்கேயே பிறந்த பிள்ளை, மருந்துக்கடையில் வேலை செய்கிறாள், எங்களுக்குள் ஆக இளையவள். தொலைபேசியில் தம்புராச் செயலி வைத்திருப்பாள். நான் போய் இருந்து, "ஐந்தரை" என்பேன். அவள் "ஓம் அன்ரி" என்று தட்டுவாள். ஒரு நாளும் நான் எட்டிப் பார்த்ததில்லை. எனக்குச் சுருதி காதுக்குள்ளேயே இருக்கிறது என்று அவளிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். பெட்டி எதற்கு, செயலி எதற்கு, இதெல்லாம் உங்களுக்காகத்தான் என்றும் சொல்லியிருக்கிறேன்.

போன வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை, வீட்டில் கறி அடுப்பில் இருக்கும்போது, ஊரிலிருந்து கொண்டுவந்த என் பழைய சுருதிப்பெட்டியை ஐந்தரையில் போட்டுவிட்டு அந்த விருத்தத்தைப் பாடிப் பார்த்தேன். மேல் ஸட்ஜத்துக்கு வந்தேன். ரிஷபத்துக்கு முக்கி வந்தேன். காந்தாரம் இருக்க வேண்டிய இடத்தில் காற்று மட்டும் வந்தது. முன்னறையில் இருந்து இரவீந்திரன் தேநீர்க் கேத்தில் கொதிக்கிறது என்றார்.

சளி என்று நினைத்தேன். மல்லித்தண்ணீர் குடித்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை பயந்து பயந்து கோயிலுக்குப் போனேன். அங்கே காந்தாரம் வந்தது. பிசகில்லாமல், பழையபடி, நின்று நிதானமாக. சனிக்கிழமை வீட்டில் மறுபடியும் காற்று. வெள்ளிக்கிழமை கோயிலில் மறுபடியும் காந்தாரம். ஒரு மாதம் இப்படியே போனது. அறிவுள்ள ஒருத்தி இந்த இடத்தில் என்ன யோசித்திருப்பாள் என்று எனக்கு இப்போது தெரிகிறது. நான் யோசித்தது வேறு. அம்பாள்தான் என்னைத் தூக்கிவிடுகிறாள் என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்ததோடு நிற்கவில்லை, சொல்லவும் செய்தேன். என் வயதில் குரல் இறங்குவதுதான் இயற்கை, வீட்டில் எனக்கே அது வருவதில்லை, சன்னிதியில் வந்து இருந்தால் மட்டும் எங்கிருந்தோ வருகிறது, இதற்கு என்ன சொல்லுவது என்று ஐந்து பேரையும் சுற்றி இருத்திக் கண் கலங்கக் கதைத்தேன். தவமலர் அக்கா தன் சேலைக் கரையை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கிருசிகா தொலைபேசியைப் பைக்குள் வைத்து, எடுத்து, திரும்ப வைத்தாள். அவர்களும் உருகிப்போய்விட்டார்கள் என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில்தான் இலையுதிர்காலத்து விழாவின் செய்தி வந்தது. கட்டடத்தில் இருக்கும் ஒவ்வொரு சமயத்தவரும் ஒவ்வொரு பாட்டுப் பாட வேண்டும். பொதுமக்களும் வருவார்கள். எங்கள் கோயிலுக்கு நாங்கள் ஆறு பேர். நான் அந்த விருத்தத்தைச் சொன்னேன், உச்சியில் நான் தனியாக நின்று முடிப்பேன் என்றும் சொன்னேன். நிர்வாகத்திலிருந்த ஒருவர், கிருசிகாவின் குரலும் நல்லாய் இருக்கிறது, பிள்ளையை எடுத்துக்கொடுக்க விட்டால் என்ன என்று மெதுவாகக் கேட்டார். ஐந்தரையில் அவள் நிற்பாளோ என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் சங்கீதம் தெரியாதவர், போய்விட்டார். ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. அன்றைக்கு அந்தச் சுரம் வராவிட்டால், அடுத்த வெள்ளிக்கிழமை யார் நடுவில் இருப்பார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. பிறகு எனக்கு மேலே இடமில்லை, தட்டுகள் மட்டும்தான்.

இன்னொரு சிக்கல். விழா நடப்பது சன்னிதியில் அல்ல, பொது மண்டபத்தில். அங்கே அம்பாளின் உதவி எந்த அளவுக்கு எட்டும் என்று எனக்கு நிச்சயமில்லை. ஆகவே அருள் இல்லாத ஒரு இடத்தில் பாடிப் பழக வேண்டும் என்று தீர்மானித்தேன். அதற்கு எங்கள் அடுக்குமாடியின் பங்கரைவிடப் பொருத்தமான இடம் இந்த நாட்டில் கிடையாது.

இங்கே பழைய கட்டடங்களுக்குக் கீழே யுத்தம் வந்தால் ஒளிவதற்கென்று கொங்கிறீட் அறைகள் இருக்கின்றன. யுத்தம் வரவில்லை, ஆகவே சனம் அதற்குள் பனிச்சறுக்குக் கட்டைகளையும் பழைய மெத்தைகளையும் வைத்திருக்கிறது. எங்களுடையது உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் பக்கத்தில். ஒரு முழத் தடிப்பில் கதவு. ஊரில் பங்கருக்குள் இருந்த நாட்களில் மூச்சுச் சத்தமும் வெளியே கேட்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு இருந்தோம். இங்கே நான் வாயைத் திறப்பதற்காகவே உடுப்புக் கூடையோடும், கூடைக்குள் துவாய்க்கு அடியில் சுருதிப்பெட்டியோடும் பங்கருக்குள் இறங்கினேன்.

முதல் நாளே என் குரலில் நான் மயங்கிப்போனேன். நாலு பக்கமும் கொங்கிறீட். பாடிய சுரம் சுவரில் பட்டுத் திரும்பி வந்து, அடுத்த சுரத்தைத் தோளில் தூக்கியது. நான் காந்தாரத்தைத் தொட்டேனா, அல்லது தொடாமல் விட்ட இடத்தைச் சுவர் நிரப்பியதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தொட்டேன் என்று வைத்துக்கொண்டேன். வேலை முடிந்து வந்து, மாலை ஆறு மணிபோல, கிழமையில் மூன்று நாலு தரம் இறங்கினேன். இவ்வளவு உடுப்பு எங்கிருந்து வருகிறது என்று இரவீந்திரன் கேட்டார். நீங்கள் மாற்றுகிற உடுப்புத்தான் என்றேன், கொஞ்சம் உச்சஸ்தாயியில்.

மூன்றாவது கிழமை, கீழ்வாசலில் தபால்பெட்டிகளுக்கு மேலே ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. கடைக்குப் போய் வந்த இரவீந்திரன் அதைப் படித்துவிட்டு வந்து சொன்னார். முதலாம் மாடியில் தனியாக இருக்கும் சுவிஸ் பெண்மணி ஃபிராவ் கேர்பர் எழுதியிருந்தார். அன்பான அயலவர்களே, பாதுகாப்பு அறையின் காற்றோட்டக் குழாய் சில நாட்களாக மாலை வேளையில் ஒரு கூர்மையான சத்தம் எழுப்புகிறது. அது படிப்படியாக ஏறி, ஆக மேலே வந்ததும் நடுங்கி, சற்றுக் கீழே வழுக்கி நின்றுவிடுகிறது. வீட்டுப் பராமரிப்பாளருக்கு அறிவித்திருக்கிறேன். நட்புடன் வணக்கங்கள்.

"உள்ளுக்கை பூனை ஏதும் மாட்டுப்பட்டுதோ தெரியாது" என்றார் இரவீந்திரன். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன், ஆகவே கண்ணீருக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

வாழ்க்கையில் என் பாட்டைப் பற்றி எனக்குக் கிடைத்த ஒரே நேர்மையான விமர்சனம் அது. மேலே வந்ததும் நடுங்கி, சற்றுக் கீழே வழுக்கி. எந்த ஆசிரியையும் இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை. அதற்கு அடுத்த கிழமை நீல உடுப்புப் போட்ட ஒருவர் கருவிப்பெட்டியோடு வந்து, குழாயைக் கழற்றிப் பார்த்து, தூசி எடுத்து, திரும்பப் பூட்டிவிட்டுப் போனார். படியில் எனக்கு வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன், பதினைந்து வயதுக் குரலில். நான்தான் அந்தக் குழாய் என்று சொல்லுவதற்கு ஜெர்மனில் எனக்குச் சொற்கள் இருந்தன. அவற்றைச் சொல்லக்கூடிய குரல்தான் இருக்கவில்லை. அதற்குப் பிறகு நான் பங்கருக்கு இறங்கவில்லை. குழாய் திருத்தப்பட்டது என்று எல்லோரும் திருப்திப்பட்டார்கள்.

விழாவுக்கு முதல் வெள்ளிக்கிழமை கோயிலில் காந்தாரம் பூப்போல வந்தது. அதோடு எனக்குத் தைரியமும் வந்துவிட்டது. புறப்படும்போது நிர்வாகத்திலிருந்து சொன்னார்கள்: விழாவில் எல்லாரும் தொலைபேசியை நிறுத்திவிட வேண்டும், மேடையிலும் கொண்டுவரக் கூடாது. நான் உடனே சொன்னேன், பரவாயில்லை, என் சுருதிப்பெட்டியைக் கொண்டுவருகிறேன் என்று.

கிருசிகாவின் முகம் போன போக்கை நான் தவறாக விளங்கிக்கொண்டேன். தன்னுடைய செயலிக்கு இடமில்லையே என்று பிள்ளைக்குக் கவலை என்று நினைத்தேன்.

"அன்ரி, ஃபோனை ஃப்ளைட் மோடிலை போட்டா ஒரு சத்தமும் வராது. நான் அவையோடை கதைக்கிறன்."

"ஏன் பிள்ளை சும்மா? பெட்டி நல்ல பெட்டி. ஐந்தரையிலை போட்டா மலைபோலை நிக்கும்."

"அதுதான் அன்ரி" என்றாள். தவமலர் அக்கா அவளுடைய கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

விழா நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. சுவிஸ்காரர்கள் முன்வரிசைகளில் கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். இரண்டாம் வரிசையில் இரவீந்திரன், அவருக்குப் பக்கத்தில் ஃபிராவ் கேர்பர். அவரை அழைத்தது நான்தான். குழாய் விஷயத்துக்கு ஒரு பரிகாரம்போல, காரணம் சொல்லாமல், அழைப்பை அவருடைய தபால்பெட்டியில் போட்டிருந்தேன். எங்களுக்கு முன்னால் பாடிய குழுவினர் நின்றபடி பாடி, கைதட்டல் வாங்கிப் போனார்கள். நாங்கள் போய் விரிப்பில் இருந்தோம். நான் நடுவில். பெட்டியை முன்னால் வைத்து, குமிழை ஐந்தரைக்குத் திருப்பி, ஒலியைக் கூட்டினேன்.

ஸட்ஜம் வந்தது. நான் வாயைத் திறந்து அதோடு சேர்ந்தேன். சேர்ந்த உடனே ஏதோ பிசகு என்று தெரிந்தது.

இருந்த கதிரையை யாரோ கேட்காமல் உயர்த்திவிட்டதுபோல இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் இந்த ஸட்ஜம் தொண்டையில் சாய்ந்து இருக்கும். இது நுனிக்காலில் நின்றது. எனக்கு இது எங்கே பழக்கம் என்று யோசித்தேன். பங்கரில். இது பங்கரின் ஸட்ஜம். அப்படியானால் கோயிலில் வருகிறது எது?

மற்ற ஐந்து பேரும் சேரவில்லை. திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கிருசிகாவைத் தவிர. அவள் என்னையே பார்த்தாள். அவளுடைய கை முழங்காலில் இருந்தது, தாளம் போடுவதுபோல. ஆனால் விரல்கள் அசையவில்லை. பெருவிரலை மடக்கி, நாலு விரல்களை விரித்து வைத்திருந்தாள்.

நாலு.

அந்த நேரத்தில் எனக்குள் நடந்ததை எழுதினால் நீளமாக இருக்கும், நடந்தது ஒரு மூச்சுக்குள்தான். சேலைக் கரை, தொலைபேசி உள்ளே வெளியே போனது, கீழே நின்று கும்பிட்டது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து தங்கள் இடத்தில் இருந்துகொண்டன. ஐந்தரை என்று நான் அதிகாரமாய்ச் சொன்ன ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இந்தப் பிள்ளை ஓம் அன்ரி என்று சொல்லி நாலைத் தட்டியிருக்கிறாள். சுருதி காதுக்குள்ளேயே இருக்கிற நான் அதன்மேல் ஏறி நின்று, அம்பாளின் அருளைப் பற்றிப் பிரசங்கம் செய்திருக்கிறேன். அம்பாளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

முதலில் வந்தது கோபம். குமிழைத் தொடாமல் இதே ஐந்தரையில் பாடிக் காட்டுகிறேன் என்று ஒரு வெறி. அதன் முடிவு எனக்குத் தெரியும். தபால்பெட்டிகளுக்கு மேலே ஏற்கனவே எழுதி ஒட்டியிருந்தது. குமிழைத் திருப்பினால்? எல்லோருக்கும் முன்னால் என் கையாலேயே என்னைக் கீழே இறக்கியதாகும். யாருக்குத் தெரியும் என்று கணக்குப் பார்த்தேன். இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு ஐந்தரையும் தெரியாது, நாலும் தெரியாது. தெரிந்த ஐந்து பேருக்கும் ஏற்கனவே தெரியும். என் மானம் போவதற்கு ஒரு இடமும் மிச்சமிருக்கவில்லை. இதை இவ்வளவு நாளும் காவல் காத்துக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான்.

குமிழைத் திருப்பினேன். பெட்டி ஒரு நீண்ட முனகலோடு வழுக்கி இறங்கியது. முன்வரிசையில் ஒருவர் கண்ணை மூடித் தலையசைத்தார். அது எங்கள் வழிபாட்டின் ஒரு பகுதி என்று நினைத்திருக்க வேண்டும். நாலில் வந்து நின்றதும், என் தொண்டை தன் வீட்டுக் கதவைக் கண்டதுபோலத் திறந்தது. ஐந்து பேரும் ஒரே மூச்சாய் வந்து சேர்ந்தார்கள்.

விருத்தம் ஏறியது. மேல் ஸட்ஜம், ரிஷபம். வழக்கமான இடம் வந்ததும் வழக்கம்போல அவர்கள் வாயை மூடினார்கள். நான் காந்தாரத்தில் தனியாக நின்றேன். நன்றாகத்தான் நின்றேன். ஆனால் அங்கே நிற்கும்போது எனக்கு விளங்கியது, இந்த உயரம் இவர்கள் எல்லோருக்கும் எட்டும். எப்போதிருந்தோ எட்டியிருக்கிறது. என்னுடைய இடம் என்று விட்டுத் தந்திருக்கிறார்கள், பிள்ளை அடம்பிடிக்கும் விளையாட்டுப் பொருளைப் பெரியவர்கள் விட்டுக்கொடுப்பதுபோல. வெறும் அறையைத்தான் நான் சிம்மாசன மண்டபம் என்று இவ்வளவு காலமும் பூட்டி வைத்திருந்தேன்.

கையை உயர்த்தி, வாருங்கள் என்று காட்டினேன். முதலில் யாரும் வரவில்லை. நம்பவில்லை போல. இன்னொரு தரம் காட்டினேன். கிருசிகா வந்தாள். பிறகு தவமலர் அக்கா, கொஞ்சம் கரகரப்போடு. பிறகு மற்றவர்கள். நான் நினைத்ததுபோல அங்கே நெருக்கமாக இருக்கவில்லை. தனியாக நின்றபோது கேட்காத ஒன்று கேட்டது. என் குரல் எது என்று எனக்கே தெரியாமல் போனது. நான் மூச்சு வாங்குவதற்கு நிறுத்தியும் சுரம் நிற்கவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் காந்தாரத்தை நான் கேட்டேன். அதுவரைக்கும் பாடிக்கொண்டு மட்டும்தான் இருந்திருக்கிறேன்.

முடிந்த பிறகு தேநீர் மேசைக்குப் பக்கத்தில் கிருசிகா வந்து, தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நான் என்ன கேட்கப் போகிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

"எப்ப தொடங்கினது?"

"போன வருஷம். உங்களுக்கு ஒருக்கா மேலை போய் இருமல் வந்தது. அதுக்கு அடுத்த கிழமை நீங்கள் வரேல்லை. தவமலர் அன்ரிதான், ஒரு அரைக் கட்டை இறக்கி விடு பிள்ளை, ஆளுக்குத் தெரியாது எண்டவ. பிறகு இன்னொரு அரை. பிறகு..."

"எவ்வளவு தூரம் இறக்கியிருப்பியள்?"

"நீங்கள் கண்டுபிடிக்கும் வரைக்கும், அன்ரி."

"நான் கண்டுபிடிக்காட்டி?"

அவள் தலையை நிமிர்த்தினாள். "கோயில் ஐயரோடை சேர்ந்து பாடியிருக்கலாம்" என்றாள்.

தேநீரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். அவ்வளவு உயரத்தில் சிரித்ததில் இரவீந்திரன் மண்டபத்தின் மறுகோடியிலிருந்து திரும்பிப் பார்த்தார். அவரோடு கதைத்துக்கொண்டிருந்த ஃபிராவ் கேர்பரும் பார்த்தார். பார்த்தவர் மெதுவாக என்னிடம் வந்து கையைக் குலுக்கினார். மிகவும் அழகாக இருந்தது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, பாடல் மேலே ஏறிய விதம் எங்கேயோ கேட்டதுபோல இருந்தது என்றார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கைப்பையை மூடிக்கொண்டே ஒரு தகவல் மட்டும் சொன்னார். தோய்க்கும் அறையின் அட்டவணையில் புதன்கிழமை மாலை யாருடைய பெயரும் இல்லை. காற்றோட்டக் குழாய்க்கு விருப்பமென்றால் தன் பெயரை எழுதிக்கொள்ளலாம். எழுதியிருந்தால் யாரும் பராமரிப்பாளரைக் கூப்பிட மாட்டார்கள்.

ஜெர்மனில் நன்றி என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன், அது என் தமிழ்க் குரலில் வந்திருந்தது, ஐம்பத்து மூன்று வயதில்.

இதோடு நான் திருந்திவிட்டேன் என்று முடிக்கத்தான் ஆசை. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் கிருசிகாவை நடுவில் இருத்தினேன். அவள் மறுத்தாள், நான் விடவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன். எத்தனை கட்டை அன்ரி என்று அவள் கேட்டபோது, நாலு என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். சொல்லிவிட்டு, பிள்ளை சேலையைச் சரிசெய்யத் திரும்பிய நேரம் பார்த்து, தொலைபேசியை எட்டி நாலரைக்குத் தட்டினேன். பழக்கதோஷம்.

சுருதி ஒலித்தது. தவமலர் அக்கா உடனே திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்குத்தான் சுருதி காதுக்குள்ளேயே இருக்கிறது போல.

நான் அதைத் திரும்ப நாலுக்கு இறக்கினேன்.